பதினெட்டு நிமிடம்

கோவளம்
19-5-2025

வெண்ணிலாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. இருப்பாய். உன் போனில் என் நம்பரை அடைத்து இன்றோடு இருபத்து மூன்று நாள். கோபுவிடம் கொடுத்தனுப்பினால் கடிதம் நடுவழியில் காணாமல் போகும். பெற்ற பிள்ளைதான், ஆனால் அவன் யாருக்குப் பயந்தவன் என்று எனக்குத் தெரியும். அதனால் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருப்பாய். வரவில்லை என்று நாளைக்குச் சொல்ல முடியாது.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணல். ஆனால் நாளும் நேரமும் எனக்குத் தவறாது. ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை. உனக்கு நாவலூரில் ஆபீஸ், கோபுவுக்கு ஏர்போர்ட் ட்ரிப். தீபுவுக்கு ஐந்து வயது ஊசி போட வேண்டும். தட்டம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. கூட்டிப் போக ஆளில்லை. அன்றைக்கு மட்டும் "அத்தை, கொஞ்சம் வர்றீங்களா" என்று குழைந்தாய். நான் விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, உங்கள் தெருவில் வாடிக்கைக்குப் போட்டுவிட்டு, காலிக் கூடையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி போட்டார்கள். கிளம்பினோம்.

ஆட்டோவில் தீபுவின் உதடு வீங்கியது. கண் மூடிப்போனது. மூச்சு விசிலடித்தது. வீட்டுக்குப் போகாதே, ஜி.எஸ்.டி. ரோடு ஆஸ்பத்திரிக்குத் திருப்பு என்று ஆட்டோக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்தது நான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியது நான். ஜீவானந்தம் டாக்டர் தொடையில் ஒரு ஊசி போட்டார், பிள்ளைக்கு மூச்சு வந்தது.

அப்புறம் நீ வந்தாய். வந்ததும் என்ன கேட்டாய் என்று உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. "என்ன குடுத்தீங்க என் பொண்ணுக்கு? மீனா? எப்பப் பாத்தாலும் மீனா?" முப்பது பேர் நடுவில். டாக்டர் அதைக் கேட்டார். சீட்டில் எழுதினார். மீன் ஒவ்வாமை.

இப்போது பள்ளிக்கூடப் படிவத்திலும் அதையே எழுதியிருக்கிறாயாம். என் கை பட்ட எதையும் பிள்ளை தின்னக் கூடாதாம். நான் வீட்டுப் பக்கம் வரக் கூடாதாம். கோபு சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு.

பல் முளைக்கும் முன்பே மீன் சாறு குடித்த பிள்ளை அது. மீன் ஒன்றும் செய்யவில்லை. ஊசிதான் செய்தது. ஊசியே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். என் தங்கச்சி மாரி தட்டம்மையில் போனாள், மூன்று வயது, அப்போது எங்கள் குப்பத்துக்கு ஊசி வந்திருக்கவில்லை. ஆனால் ஜூன் பதினாலாம் தேதி தீபுவுக்குச் சின்னம்மை ஊசி என்று கோபு சொல்கிறான். மீன்தான் காரணம் என்று நம்பிக்கொண்டு, மீனை மட்டும் நிறுத்திவிட்டு, அவர்கள் பாட்டுக்கு இதையும் போடுவார்கள். மறுபடியும் அதே மாதிரி ஆனால் அன்றைக்கு ஆட்டோவைத் திருப்ப நான் இருக்க மாட்டேன். அதற்குத்தான் எழுதுகிறேன். உனக்காக இல்லை.

எல்லம்மா

*

இரும்புலியூர்
24-5-2025

அத்தைக்கு,

பதிவுத் தபாலை ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீ மாமி "கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். நீங்கள் விரும்பியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் வேலை என்னவென்று ஏழு வருடமாக நீங்கள் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ தட்றா" என்றுதான் எல்லோரிடமும் சொல்வீர்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் சார்ட் வரும். டாக்டர் எழுதியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய எண்ணைப் போடுவது என் வேலை. மீனால் வந்த கடும் ஒவ்வாமைக்கு ஓர் எண். தடுப்பூசியால் வந்ததற்கு வேறு எண். மருந்தைத் தவறாகப் போட்டதற்கு இன்னொன்று. எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: சார்ட்டில் எழுதாதது நடக்காதது. நானாக ஊகித்து ஓர் எண் போட்டால் வேலை போய்விடும்.

தீபுவின் சார்ட்டில் இருப்பதைச் சொல்கிறேன். ஊசி போட்ட பிறகு கிளினிக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், அப்போது ஒன்றும் இல்லை. கிளம்பிய பிறகு ஆட்டோவில் நெத்திலி வறுவல் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வீக்கம், மூச்சுத் திணறல். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னது நானில்லை, நீங்கள். நான் வந்து கத்தினேன், உண்மை. ஆனால் நான் கத்தியதை வைத்து டாக்டர் எழுதவில்லை. நீங்கள் சொன்னதை வைத்து எழுதினார்.

ஊசி போட்ட குழந்தைக்கு ஆட்டோவில் எதற்கு வறுவல்? புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

நான் வந்தபோது தீபுவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கும் மறக்காது. என் குழந்தையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் உங்கள் நம்பரை அடைத்தேன். ஜூன் பதினாலாம் தேதி ஊசி உண்டு. பள்ளியில் கேட்கிறார்கள்.

வெண்ணிலா

*

கோவளம்
29-5-2025

வெண்ணிலாவுக்கு,

எழுதாதது நடக்காததா? நல்ல ஆபீஸ். அப்படியென்றால் நானும் எழுதியே வைக்கிறேன். அப்போதாவது நடந்ததாகும்.

உன் கல்யாணத்தில் என் பக்கத்து ஆட்களை இரண்டாம் பந்திக்குத் தள்ளியது. எழுது. தீபு பிறந்து முப்பதாம் நாள் நான் வாங்கிப்போன வெள்ளி அரைஞாணைப் போட்டு ஒரு படம் எடுத்துவிட்டு அன்றைக்கே கழற்றிப் பெட்டியில் வைத்தது. எழுது. நான் வந்துபோனால் சோபாவுக்கு ஸ்ப்ரே அடிப்பது. தீபுவே என்னிடம் சொல்லியிருக்கிறாள், "ஆயா, நீ போனதும் அம்மா புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிப்பாங்க" என்று.

இன்னும் கேள். போன டிசம்பர் ஏழாம் தேதி, தீபுவின் பிறந்தநாள், கேளம்பாக்கத்தில் உன் அம்மா காந்தாவின் பிளாட்டில். அன்றைக்கும் சனிக்கிழமைதான். என்னைக் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் என் மேல் கையை உதறிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை என்று சைவச் சாப்பாடு. மீன் இல்லை, முட்டை இல்லை, கேக்கில் கூட முட்டை போடவில்லை என்று உன் அம்மா நாலு தடவை சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே. அப்புறம் அந்தச் சிவப்பு ஜெல்லி. கிண்ணத்தில் ஆடிக்கொண்டு. "என் புள்ள குணா துபாய்லேந்து கொண்டாந்தது, பாக்கெட்டே தனி டேஸ்ட்டு" என்று எல்லோருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுத்தாள். எனக்குக் காகிதத் தட்டில், ஓரம் உடைந்த கேக். ஜெல்லி தீர்ந்துபோச்சாம். ஃப்ரிட்ஜில் இரண்டு கிண்ணம் இருந்ததை நான் பார்த்தேன்.

தீபு என் மடியில் வந்து உட்கார்ந்துதான் அதைத் தின்றாள். தின்று கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீழுதடு தடித்துக்கொண்டது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. சொறிந்தாள். நான் காந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொசு கடிச்சிருக்கும் சம்பந்தி, உங்க பொடவைல என்னென்ன ஒட்டிக்கினு வந்துச்சோ" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரிப்பை அடக்கினாய், ஆனால் சிரித்தாய்.

அன்றைக்கு உன் அம்மா கொடுத்ததைத் தின்று உதடு வீங்கியது, அது கொசு. என் நெத்திலி மட்டும் விஷம். இதையும் சார்ட்டில் எழுது.

எல்லம்மா

*

இரும்புலியூர்
3-6-2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு என் அம்மாவைத் திட்டுவது. பரவாயில்லை. அந்த ஜெல்லி மட்டும் என்னைத் தூங்க விடவில்லை.

பிறந்தநாள் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். கேக் வெட்டும் படத்தில் தீபுவின் உதடு சரியாக இருக்கிறது. கடைசிப் படத்தில், உங்கள் மடியில், கீழுதடு தடித்திருக்கிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தில் உங்கள் முகம் வெட்டுப்படுகிற மாதிரி எடுத்திருக்கிறோம்.

நேற்று கேளம்பாக்கம் போனேன். குணா கொண்டுவந்ததில் ஒரு பாக்கெட் அம்மாவின் அலமாரியில் மிச்சம் இருந்தது. ஜெலட்டின் என்று போட்டிருக்கிறது. விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் பசை. நம் வீட்டில் கடல்பாசியில்தான் செய்வோம், அதனால் தீபு அதற்கு முன் இதைத் தின்றதில்லை. அப்புறம் கிளினிக்கில் அந்த ஊசி மருந்தின் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். மருந்து கெடாமல் இருக்க அதிலும் ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்கள். பதினாலாம் தேதி போடவிருக்கும் சின்னம்மை ஊசியிலும்.

இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஜீவானந்தம் டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னார்: "பாசிபிள்தான்மா. ஆனா ஊசியால வர்ற கடும் ரியாக்‌ஷன் பெரும்பாலும் சில நிமிஷத்துலயே காட்டும். உங்க மாமியார் அரை மணி நேரம் ஒண்ணுமில்லைன்னாங்க. மீன் சாப்ட்ட உடனே வந்துச்சுன்னாங்க. இத வெச்சுக்கிட்டு நான் எப்படி மாத்துவேன்?"

நான் பிழைப்புக்கே சார்ட் படிக்கிறவள். தீபுவின் ஊசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். நர்ஸ் சாமுண்டீஸ்வரி கையெழுத்துப் பக்கத்தில் நேரம் போட்டிருக்கிறார்: 10.40. ஆஸ்பத்திரி எமர்ஜென்சிப் பதிவேட்டில் தீபு வந்த நேரம்: 10.58.

பதினெட்டு நிமிடம். அதில் ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வர எட்டு நிமிடமாவது ஆகும்.

அத்தை, நீங்கள் அரை மணி நேரம் உட்காரவில்லை.

கிளினிக்கில் கேட்டேன். சாமுண்டீஸ்வரி ஊரில் இல்லை, பிரசவத்துக்குப் போயிருக்கிறார். பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். எப்போது கிளம்பினீர்கள், முதலில் வந்தது அரிப்பா, நீங்கள் கொடுத்த மீனா? டாக்டர் எழுத்தில் கேட்கிறார். டிசம்பர் ஏழில் எத்தனை ஜெல்லிக் கிண்ணம் ஃப்ரிட்ஜில் இருந்தது என்று நினைவு வைத்திருக்கிறவருக்கு இது மறந்திருக்காது.

ஊசித் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதில் வரும்வரை.

வெண்ணிலா

*

கோவளம்
7-6-2025

வெண்ணிலாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டில் உன்னைத் திட்டியிருந்தேன். கிழித்துப் போட்டேன், திட்டு தப்பு என்பதால் இல்லை, அதில் கேட்டதற்குப் பதில் இல்லை என்பதால்.

நான் உட்காரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஊசி போடும்போது தீபு அழவில்லை. வெளியில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கூடையைக் காலடியில் வைத்திருந்தேன். கழுவின கூடை, காலிக் கூடை. அந்த நர்ஸ் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"ஆயா, அந்தக் கூடய வெளிய வச்சிட்டு வா. ஏசி ரூம்ல நாறுது."

"வெளிய வச்சா எவனாவது தூக்கிக்கினு பூடுவாம்மா. காலிக் கூடதான், கழுவிட்டுத்தான் கொண்டாந்தேன்."

"கூட காலிதான். நாத்தம் காலியாவலியே."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். தீபு என் முகத்தைப் பார்த்தாள். வேறு யார் சிரித்திருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். எழுந்துவிட்டேன்.

அந்த நர்ஸ் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இல்லை. வாசல் வரைக்கும் வந்தாள். "ஆயா, இன்னும் அர மணி ஆவல, உக்காரு, கொயந்தைக்கு எதுனா ஆச்சுன்னா?" என்றாள். "உன் நேரத்த நீயே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். உள்ளே உட்கார்ந்திருந்தது ஐந்து நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இல்லை.

ஆட்டோ இரும்புலியூர் பாலம் வருவதற்குள் தீபு கழுத்தைச் சொறிந்தாள். "ஆயா, வாயெல்லாம் குறுகுறுன்னுது" என்றாள். நான் பசி என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்து ஒரு நெத்திலி கொடுத்தேன். பாதி கடித்துத் துப்பிவிட்டாள். அப்போது பார்த்தேன், உதடு ஏற்கனவே தடித்திருந்தது. முதலில் அரிப்பு. அப்புறம்தான் மீன். அதுவும் பாதி நெத்திலி, அதுவும் உள்ளே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ ஓடி வந்தாய். மீனா என்று கேட்டது இரண்டாவது. முதலில் நீ கேட்டது, "அரை மணி நேரம் உக்காந்தீங்களா இல்லையா?" என்று. டாக்டர் பேனாவோடு நின்றார். கட்டிலில் பிள்ளை. உட்காரவில்லை என்று சொன்னால், இந்தக் கிழவியின் ரோஷத்தால் பிள்ளை செத்திருக்கும் என்று ஆகிவிடும். உட்கார்ந்தோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டே மற்றதையும் சொன்னேன், நெத்திலி தின்ற பிறகுதான் வந்தது என்று. அப்புறம் டாக்டர் மீனை எழுதினார். என் மீனை நீ பழித்தாய் என்று உன் மேல் எவ்வளவு கோபம் வைத்தேன். பழியைக் கொண்டுவந்து வைத்தது என் வாய்தான். இதை நான் எனக்கே நாற்பது நாளாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தக் காகிதத்தை அப்படியே டாக்டரிடம் காட்டு. கடைசியில் கையெழுத்தும் கைநாட்டும் இரண்டும் போடுகிறேன். எது செல்லுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்று. நீ சிரித்தது பொய் இல்லை. அரைஞாண் பொய் இல்லை. ஸ்ப்ரே பொய் இல்லை. நான் ஒரு பொய் சொன்னேன் என்பதால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடாது.

எல்லம்மா

*

இரும்புலியூர்
21-6-2025

அத்தைக்கு,

டாக்டர் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கூட காலிதான்" என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீபுவுக்குத் தோலில் சொட்டு வைத்துச் சோதனை செய்தார்கள். மீனுக்கு ஒன்றும் இல்லை. நெத்திலி, வஞ்சிரம், இரண்டுக்கும் இல்லை. ஜெலட்டினுக்குக் கை தடித்தது. ரத்தப் பரிசோதனையிலும் அப்படியே. டாக்டர் சார்ட்டைத் திருத்தி எழுதிவிட்டார்: தடுப்பூசியைத் தொடர்ந்து கடும் ஒவ்வாமை, காரணம் ஜெலட்டின். தடுப்பூசிக்குப் பின் இப்படி ஏதாவது நடந்தால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தையும் அனுப்பியிருக்கிறார். பழைய வரியை அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியோடு புதியதை எழுதினார். அழிக்கக் கூடாது என்பது விதி. கோட்டுக்குக் கீழே "மீன்" இன்னும் படிக்க முடிகிறது.

பள்ளிப் படிவத்தை மாற்றிவிட்டேன். ஜெல்லி, பஞ்சு மிட்டாய் மாதிரி வரும் மார்ஷ்மெல்லோ, கேப்ஸ்யூல் மாத்திரை, எதைக் கொடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சின்னம்மை ஊசியில் ஜெலட்டின் சேர்க்காத மருந்து இருக்கிறதாம். வரும் 28-ஆம் தேதி, காலை பத்து மணி, கிளினிக்கில் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே. போட்ட பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். நான் லீவு போட்டிருக்கிறேன்.

ஸ்ப்ரே அடித்தது உண்மை. சிரித்ததும் உண்மை. எழுதிவிட்டேன்.

அந்தப் பொய்யை நான் மறக்கப்போவதில்லை. அது அப்படியே நின்றிருந்தால் பதினாலாம் தேதி என்ன ஆகியிருக்கும் என்று தினமும் குளிக்கும்போது நினைக்கிறேன். ஜெல்லியைச் சொன்னதும் நீங்கள்தான் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை.

28-ஆம் தேதி வருவதானால் வாருங்கள். கூடையோடு வந்தாலும் சரி. ஆனால் வந்தால் உட்கார வேண்டும்.

வெண்ணிலா

*

கோவளம்
30-6-2025

வெண்ணிலாவுக்கு,

நேரில் பேசாததால் எழுதுகிறேன்.

கூடையோடுதான் வந்தேன். வேண்டுமென்றேதான். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஏசுதாசன் நிறுத்தினார். நீ படியிறங்கி வந்து, "அவங்க எங்களோட வந்தவங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி ஏறிப்போனாய். மாமியார் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

ஊசி போட்டது 10.15. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குத் தொடையில் போட்டு மூச்சு வரவைத்த அந்த இன்னொரு ஊசியை டாக்டர் தட்டில் தயாராக வைத்திருந்ததையும் பார்த்தேன். நடுவில் தீபு, அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கூடை என் காலடியில். நீ ஒரு தடவை கூட மூக்கைத் தொடவில்லை. தொடாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டாய் என்றும் பார்த்தேன்.

"அம்மா, ஆயா ரெண்டு பேரும் டூவா?" என்று தீபு கேட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீ அவள் உதட்டைப் பார்த்தாய், நான் கழுத்தைப் பார்த்தேன். பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

11.15 ஆனதும் டாக்டர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை, போகலாம் என்றார். நீ பையை எடுத்தாய். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் பதினெட்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம்" என்றேன். அன்றைக்கு உன்னிடம் பேசியது அது ஒன்றுதான். டாக்டருக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாய். 11.33 வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ மன்னிப்பு என்று ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. உங்கள் ஆபீஸ் வழக்கப்படி அது நடக்காததாகவே இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை கரைக்கு நெத்திலி வரும் என்கிறார்கள். தீபு கேட்டாளாம், கோபு சொன்னான். என் நம்பரைத் திறந்துவிடு. மீனைப் பதிவுத் தபாலில் அனுப்ப முடியாது.

எல்லம்மா